அரக்கு வைத்த பொத்தான்

விலாசினியின் முதல் குற்றம் பத்து விநாடி நீளம். அதைப் பற்றிய அறிக்கை நாற்பத்தொரு பக்கம்.

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகால்காரி. வயது நாற்பத்தாறு. பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு போட்டோஸ்டாட் கடையில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள், பாஸ்போர்ட்டுக்கு வருகிறவர்கள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வருகிறவர்கள், எல்லாருக்கும் கடைசி நாளில்தான் நினைவு வரும். கடைசி நாளின் கடைசி மணிநேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். ஆகவே நின்றுபோனதை ஓடவைக்கிற வேலை அவளுக்குக் கைவந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்று சரியாக வரும்போதெல்லாம் இருநூறு பக்க நோட்டு ஒன்றில் எழுதிவைத்துக்கொள்வாள்.

"அசையாமல் நின்றால் முதலில் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும். திரும்பி வந்தும் அப்படியே நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எது நின்றதோ அதை மட்டும் மூடவும். அதுவும் கேட்கவில்லையென்றால் பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை விடாமல் அழுத்தவும்."

"பிரிண்டர் முரண்டு பிடித்தால் மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுக்காதே. வரிசையில் நிற்கிறதை எல்லாம் ரத்து செய். பிரிண்டரை அணைத்துப் போடு. பிறகு ஒன்றே ஒன்று கொடு."

"இடம் நிறைந்துவிட்டது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் பாதி சரியாகும்."

கடைக்காரர் துபாயில் இருக்கும் மகனிடம் போய்விட்டதும் கடை மூடியது. அப்போதுதான் கடலோர இடமாற்ற அலுவலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது.

பொழியூர்க் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளின் பட்டியலை வைத்திருப்பதுதான் அதன் ஒரே வேலை. கடல் ஏறுகிற நாளில் பட்டியலை அச்செடுத்துப் பஸ்காரர்களிடம் கொடுக்க வேண்டும். பெயர் இருந்தால் பஸ்ஸில் இடம் உண்டு, பள்ளிக்கூட முகாமில் இடம் உண்டு. பெயர் இல்லையென்றால் இரண்டும் இல்லை. முன்பு பட்டியல் காகிதத்தில் இருந்தது. கடலோரத்தில் காகிதம் நனையும் என்று யாரோ மேலே யோசித்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் காகிதங்களைத் தாலுகா தலைமையிடமான நெய்யாற்றின்கரைக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

அலுவலகத்தில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மேலாளர் சோமன், கடிதங்களைக் கவனிக்கும் ரேஷ்மி. இப்போது விலாசினி.

முதல் நாள் காலை அவள் கம்ப்யூட்டரைப் போட்டபோது திரையில் "நல்வரவு, மினி" என்று வந்தது.

"மினி யாரு சாரே?"

சோமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேஷ்மி குனிந்து தபால் உறைகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணினாள்.

"முன்ன இஞ்ச இருந்த பிள்ளை," என்றார் சோமன் கடைசியில். "அது வேற காரியம். நீ சோலியப் பாரு."

இரண்டாம் நாள் கம்ப்யூட்டர் நின்றது. திரையின் நடுவே ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மாலை விளக்கை அணைக்கும்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நெய்யாற்றின்கரைக் கணினி மையத்துக்கு எழுதிப் போட்டாச்சு," என்றார் சோமன். "அவிய வருவாவ."

"எப்ப வருவாவ?"

"போன தடவை மூணு மாசம் ஆச்சு. இப்ப வேகம் கூடியிருக்குன்னு பறஞ்சாவ."

மூன்றாம் நாள் காலை சோமன் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில் விலாசினி பவர் பட்டனில் விரலை வைத்துப் பத்து எண்ணினாள். திரை இருண்டது. மறுபடி அழுத்தினாள். கம்ப்யூட்டர் ஒரு சின்ன இருமலோடு எழுந்து மினியை வரவேற்றது. அவள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

மேலே வந்த சோமன் ஓடுகிற திரையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. முதலில் கதவைச் சாத்தினார்.

"யாராவது பாத்தாவளா?"

"ரேஷ்மி மட்டும் உண்டு."

"நான் ஒண்ணும் பாக்கல," என்றாள் ரேஷ்மி உடனே.

நான்காம் நாள் அகிலேஷ் வந்தான்.

நெய்யாற்றின்கரையில் மூன்று மாடிகளோடு நின்ற எல்லையோரக் கணினி நல மையத்தின் கள அலுவலர் அவன். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடை, தோளில் ஒரு பை. பையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை. கார்பன் தாளும் ஒரு பெரிய பதிவேடும் இருந்தன. யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று அவன் சொல்லவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது," என்றான். பிணத்தைப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது.

"ஆமா சாரே. சரியாயிட்டு."

"தானாகவா?"

விலாசினிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பட்டனை அமுக்கினேன்."

அவன் ஒரு ஸ்கேலை எடுத்து அவளுடைய நாற்காலிக்கும் பட்டனுக்கும் உள்ள தூரத்தை அளந்தான். எந்த விரல் என்று கேட்டான். ஆள்காட்டி விரல் என்றாள். அதைத் தனியாகக் குறித்துக்கொண்டான்.

"சேச்சி, கோபமில்லை. புரிந்துகொள்ளணும். மறுதொடக்கம் என்பது ஓர் அதிகாரம். மறுதொடக்க அனுமதிக்கு ஏழாம் எண் படிவம் உண்டு. எதற்காக நின்றது, நின்ற நேரத்தில் வானிலை என்ன, கடைசியாக மவுஸைத் தொட்டது யார், மூன்றும் எழுதி மூன்று கையெழுத்து வாங்கி அனுப்பணும். நாங்கள் பரிசீலித்து எண் கொடுப்போம்."

"பத்து விநாடி சோலிதானே சாரே?"

அகிலேஷ் பேனாவை மூடினான். குரல் தணிந்தது. "அதுதான் ஆபத்து. மூன்று மாதத்தில் முடிய வேண்டியதை நீங்கள் பத்து விநாடியில் முடித்தால் மீதி நாட்களை நாங்கள் எங்கே கொண்டுபோய் வைப்பது?"

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே விடை தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலச் சற்று நேரம் காத்திருந்தான். பிறகு பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளைத் துணியையும் சிவப்பு அரக்கையும் எடுத்தான். பவர் பட்டனைத் துணியால் மூடி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையைப் பதித்தான். அலுவலகம் முழுவதும் கருகிய வாசனை பரவியது.

"இனி இதை யாரும் அணைக்கவும் முடியாது, போடவும் முடியாது," என்றான். "பாதுகாப்பாக இருக்கும்."

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடியது. அதன் அடிப்பாகம் அடுப்புக் கல்லைப் போலச் சுட்டது. அடுத்த வாரம் வந்த உத்தரவு, எந்தக் கோப்பையும் அழிக்கக் கூடாது என்றது. அதற்கடுத்த வாரம் வந்த உத்தரவு, குப்பைத்தொட்டியில் கிடப்பவையும் அரசாங்கக் கோப்புகளே என்றது. குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டுமானால் ஐந்து பேர் கொண்ட குழு வந்து ஒவ்வொரு கோப்பையும் திறந்து, குப்பைதான் என்று ஒருமனதாகச் சான்று தர வேண்டும். குழுவின் நான்கு பேர் நியமிக்கப்பட்டுவிட்டார்கள். ஐந்தாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் கோப்பு, நியமன அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது. அது நின்றுபோயிருந்தது.

கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துகொண்டே வந்தது. முன்பு ஒரு சொடுக்கில் திறந்த பட்டியல் இப்போது இருபது நிமிஷம் எடுத்தது. மாடி ஜன்னலைத் திறந்தால் கடலின் இரைச்சல் கேட்டது. வந்த புதிதில் இவ்வளவு கேட்கவில்லையே என்று விலாசினி ஒருநாள் சொன்னாள். ரேஷ்மி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த நாட்களில்தான் ஓமனா வந்தாள். பொழியூரில் கடலுக்கு மிக அருகே இருந்த வீடு அவளுடையது. கணவன் தங்கப்பன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். போன மழையில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலில் கிடக்கிறான்.

"எங்க வீடு உங்க லிஸ்டுல நாலாவது வரிசையின்னு கிடக்கு," என்றாள். "முன்னால நின்ன மூணு வரிசையும் கடலு கொண்டு போச்சு. இப்ப நாங்களாக்கும் முதல் வரிசை. பஸ் வந்தா முதல் வரிசைக்காரங்களத்தானே முதல்ல ஏத்துவாவ. இவரால நடக்கேலாது. அத ஒண்ணு திருத்தித் தா மக்கா."

விலாசினி பட்டியலைத் திறந்தாள். இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் திறந்தது. நான்கு என்பதை ஒன்று என்று மாற்றிச் சேமிக்கப் போனாள். இடமில்லை என்றது திரை.

"குப்பையைக் கொஞ்சம் காலி பண்ணினா கேக்கும் சாரே. ரெண்டு நிமிசம்."

"கைய வைக்காத," என்றார் சோமன்.

"ஒரே ஒரு எண்ணு சாரே."

"மினியும் இதுபோலத்தான் பறஞ்சா. ஒரே ஒரு பிளக்குன்னு." தன்னையறியாமல் வந்துவிட்ட பெயருக்காக அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஓமனா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "உங்க படிவம் வாற வரைக்கும் கடலு நிக்குமா சாரே? நிக்குமின்னா சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

ரேஷ்மி தபால் உறைகளை எண்ண ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்குப் போனாள்.

மாதக் கடைசியில் எல்லா எல்லையோர அலுவலகங்களின் கம்ப்யூட்டர் ஊழியர்களையும் நெய்யாற்றின்கரைக்குப் பயிற்சிக்கு அழைத்தார்கள். குளத்தூர், பாறசாலை, குன்னத்துகால் பக்கத்து ஆட்கள் நூறு பேர் வந்திருந்தார்கள். மையத்தின் தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. உள்ளே இருபது நாற்காலிகளில் இருபது பேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேசை இல்லை, காகிதம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் கழுத்து அட்டையில் "மினி" என்று இருந்ததை விலாசினி படித்தாள்.

கதவைக் கொஞ்சம் திறந்து, "பொழியூர் ஆபீசில இருந்த மினியா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தலையைத் திருப்பாமல் பேசினாள். "பிரிண்டர் நின்னுச்சு. பிளக்கப் பிடுங்கித் திரும்பச் சொருவினேன். ஓடிச்சு. விசாரணை முடியற வரைக்கும் தினமும் வந்து இஞ்ச இருக்கணும்னு பறஞ்சாவ."

"எவ்வளவு நாளாச்சு?"

"எம் மோளு ஒண்ணாங்கிளாசு சேந்த வருசம் வந்தேன். இப்ப மூணு." பிறகு மெதுவாக, "கதவைச் சாத்திருங்க சேச்சி. எண்ணிட்டு இருக்காவ," என்றாள்.

யார் எண்ணுகிறார்கள் என்று விலாசினிக்குத் தெரியவில்லை. அறையில் காவலுக்கு யாருமே இல்லை. கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் மாடியில் இயக்குநர் பிரேமகுமாரி பேசினார். மெலிந்த உடல், சந்தன நிறச் சேலை, தாலாட்டுவதுபோன்ற குரல். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

"ஒரு கம்ப்யூட்டர் நின்றால் பதறாதீர்கள். நிற்பது குறையல்ல. அது நம் மையத்தை நோக்கி ஓர் அலுவலகம் கைகூப்புவது. போன வருடம் நாலாயிரம் புகார்கள் வந்தன. நாலாயிரத்துக்கும் எண் கொடுத்தோம். ஓர் எண்கூடத் தவறவில்லை."

கைதட்டினார்கள். அவர் முடியும்வரை காத்திருந்தார்.

"எத்தனை சரியாயின என்று சிலர் கேட்கிறார்கள். சரிசெய்வது நம் பணி அல்ல. சரிசெய்வதைக் கண்காணிப்பது நம் பணி. யாருமே சரிசெய்யாதபோது கண்காணிப்பு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதை எங்கள் அறிக்கைகளில் பார்க்கலாம். ஆனால் இங்கே வந்திருப்பவர்களில் சிலர் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள். சரிசெய்தால் புகார் குறையும். புகார் குறைந்தால் மூன்று மாடி எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கிறவர்களுடைய கம்ப்யூட்டரும் ஒருநாள் நிற்கும்."

இதற்கும் கைதட்டினார்கள். முன்னைவிட வேகமாக.

தேநீர் இடைவேளையில் குளத்தூர்க்காரர் ஒருவர், பிரிண்ட் கொடுத்தால் நாற்பது நாளாக ஒரே பக்கம் வரிசையில் நிற்கிறது என்று விலாசினியிடம் முறையிட்டார். அவள் பழக்கத்தில் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அவர் குறித்துக்கொள்வதற்குள் அகிலேஷ் பக்கத்தில் நின்றான். நோட்டை இரண்டு விரலால் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டான்.

"இது எம் பொருளு," என்றாள் விலாசினி.

"ரசீது தருகிறேன்," என்றான் அவன். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "சேச்சி, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அஞ்சு மாசமாக ஓடவில்லை. எனக்கும் சரிசெய்யத் தெரியாது. இந்த நோட்டில் அது உண்டா?" என்று கேட்டான்.

"பதினாலாம் பக்கம்," என்றாள்.

அவன் உறையின் வாயை ஒட்டி, மேலே எண் எழுதினான்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்று இல்லை. பதினொரு மணிக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. புயலும் மழையும் இல்லாமல், தூரத்தில் எங்கோ கிளம்பித் திருடனைப் போலக் கரையேறும் கடலுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். மூன்று மணிக்குள் கடலோர வீடுகளைக் காலி செய்ய வேண்டும், பட்டியலை உடனே அச்செடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. கீழே இரண்டு பஸ்கள் வந்து நின்றன.

விலாசினி பட்டியலைத் திறந்தாள். வளையம் சுற்ற ஆரம்பித்தது.

பதினொன்றே முக்காலுக்கும் சுற்றியது. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். எதுவும் கேட்கவில்லை. பஸ் டிரைவர் மேலே ஏறி வந்து, பேப்பர் இல்லாமல் ஒரு ஆளையும் ஏற்ற முடியாது, முகாமில் வாங்க மாட்டார்கள் என்றான். ரேஷ்மி ஏழாம் எண் படிவத்தை நிரப்பினாள். அவசரத்தில் வானிலைக் கட்டம் மசியால் நனைந்துவிட்டது. வேறு படிவம் எடுத்தாள். மூன்று கையெழுத்தும் போட்டுப் போனில் படமெடுத்து அனுப்பினார்கள்.

பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. "உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் எண் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு."

சோமன் அகிலேஷைப் போனில் அழைத்தார். அவன் குரல் அறை முழுவதும் கேட்டது.

"சாரே, நின்றதற்கான காரணம் என்ற இடத்தில் 'கடல்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காரணப் பட்டியலில் கடல் இல்லை."

"பின்ன என்ன எழுதணும்?"

"தூசி உண்டு. எலி உண்டு. மின்வெட்டு உண்டு."

"எலின்னே எழுதிக்கோ. சீக்கிரம் அனுமதி தா."

"எலி என்றால் எலியைப் பிடித்த சான்று இணைக்கணும்," என்றான். குரல் அழுகைக்கு அருகில் இருந்தது. "என் கையில் ஒன்றும் இல்லை சாரே. இயக்குநர் சாப்பிடப் போயிருக்கிறார்."

சோமன் போனை மேசையில் வைத்தார். ஜன்னல் சாத்தியிருந்தும் இரைச்சல் கேட்டது. இடைவிடாத ஒரே ஒலி. லாரி ஒன்று பின்னோக்கி வருவதுபோல.

விலாசினி எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கண்ணாடி அறையில் மடிமேல் கிடந்த கைகள் நினைவுக்கு வந்தன. அப்புறம் கட்டிலில் கிடக்கும் தங்கப்பன் நினைவுக்கு வந்தான். அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ரேஷ்மியின் மேசையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள்.

"விலாசினி," என்றார் சோமன்.

அவள் நின்றாள்.

அவர் அவளைப் பார்க்காமல் சட்டைப் பையைத் தடவினார். "நான் டீ குடிச்சிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அரக்கு மூன்றாம் குத்தில் உடைந்தது. பத்து எண்ணினாள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை. திரை இருண்டு, மறுபடி எழுந்தது. நல்வரவு, மினி. குப்பைத்தொட்டியைத் திறந்து முழுவதையும் காலி செய்தாள். ஓமனாவின் வீட்டை நாலிலிருந்து ஒன்றாக்கினாள். பிரிண்டர் வரிசையை ரத்து செய்து ஒன்றே ஒன்று கொடுத்தாள். முப்பத்தொரு குடும்பம், மூன்று பக்கம், சூடாக வந்து விழுந்தது.

பஸ்ஸில் அவளும் போனாள். மணலில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டாள். தங்கப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து கடைசி இருக்கையில் கிடத்தினார்கள். ஒரு பெண் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள், ஆடும் ஏறியது. மூன்றே கால் மணிக்கு இரண்டாவது பஸ் கிளம்பியது. மூன்று நாற்பதுக்கு நல்ல வெயிலில், அவசரமே இல்லாமல் கடல் எழுந்து வந்து, ஓமனாவின் வீட்டு முன்சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. இரண்டாவது முறை வந்தபோது வீட்டை எடுத்துக்கொண்டு போனது. மாலைக்குள் முப்பத்தொரு வீடுகளில் ஒன்றும் இல்லை. ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. இயக்குநரின் அறையில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. மேசைமேல் உடைந்த அரக்குத் துண்டுகளை வெல்வெட் துணியில் பரப்பி எண் எழுதி வைத்திருந்தார்கள்.

"முதலில் பாராட்டுகிறேன்," என்றார் பிரேமகுமாரி. "ஆட்களைக் காப்பாற்றியதாகச் சொல்கிறீர்கள். எந்த ஆட்களை?"

"லிஸ்டுல உள்ளவங்கள அம்மா."

"எந்தப் பட்டியல்? அனுமதியில்லாத மறுதொடக்கம் செல்லாது. செல்லாத மறுதொடக்கத்துக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் செய்த எதுவும் செல்லாது. பட்டியல் செல்லாது. பட்டியலைப் பார்த்து ஏற்றிய பஸ் செல்லாது. முகாம் செல்லாது. அந்த முப்பத்தொரு குடும்பமும் கோப்பின்படி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது."

"வீடு இல்ல அம்மா. கடலு கொண்டு போச்சு."

"வீடு போனதாகவும் பதிவில்லையே. அதைப் பதிய வேண்டிய கம்ப்யூட்டரைத்தான் நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்." அவர் முன்னால் சாய்ந்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. "குழந்தை, ஓர் ஆள் உயிரோடு இருப்பது சின்ன விஷயம். எல்லாரும் இருக்கிறார்கள். இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதுதான் ஒழுங்கு. வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் முகாமை விட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முறைப்படி அனுமதி வந்ததும் முறைப்படி காப்பாற்றுவோம்."

விலாசினி அரக்குத் துண்டுகளைப் பார்த்தாள். "என்னை வேலையில இருந்து எடுத்தாச்சா?"

"யாரையும் நாங்கள் எடுப்பதில்லை," என்றார் இயக்குநர். "அடுத்த திங்கள் முதல் கீழே உள்ள அறைக்கு வாருங்கள். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அதற்கு முன் வெள்ளிக்கிழமை நோட்டீஸ் கொடுக்கும்போது சாட்சியாகப் போய்விட்டு வந்துவிடுங்கள். கதவு எண்கள் உங்களுக்குத்தானே தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை பொழியூர்க் கரையில் அகிலேஷ் முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றான். ஒரு கையில் பதிவேடு, கக்கத்தில் முப்பத்தொரு நோட்டீஸ்களின் கட்டும் அதே எண்ணிக்கையில் நகல்களும். கூப்பிட்ட மரியாதைக்கு ஓமனாவும் வந்திருந்தாள். அவர்களுக்கு முன்னால் கடல் இருந்தது. அதில் ஓர் அம்மிக்கல்லின் முதுகு மட்டும் அவ்வப்போது தெரிந்து மறைந்தது.

"முதல் வரிசை, ஒன்றாம் எண், தங்கப்பன்," என்று உரக்கப் படித்தான். ஓர் அலை வந்து அவன் முழங்காலில் மோதியது. விதிப்படி மூன்று முறை கூப்பிட்டான். பிறகு பதிவேட்டில், "வீடு பூட்டியிருக்கிறது. ஆள் இல்லை" என்று எழுதினான்.

"ஆளு இஞ்ச நிக்கேன் மக்கா," என்றாள் ஓமனா.

"இங்கே நின்றால் ஆகாது அம்மா. வீட்டில் நிற்கணும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டணும். சேச்சி, கதவு எந்தப் பக்கம்?"

விலாசினி கையை நீட்டிக் கடலைக் காட்டினாள்.

அவன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு பதிவேட்டையும் கட்டுகளையும் மணலில் வைத்துவிட்டு, பசை தடவிய நோட்டீஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கதவு இருந்திருக்க வேண்டிய உயரத்தில் காகிதத்தைப் பிடித்தான். அடுத்த அலை அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. மிகவும் நிதானமாக, கசக்காமல் வாங்கியது.

தட்டுத் தடுமாறிக் கரையேறினான். பதிவேட்டைத் திறந்தான். "நோட்டீஸ் பெறப்பட்டது" என்று எழுதி, அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினான்.

"பெற்றவர் கையெழுத்து வேண்டுமே," என்றான் யாரிடமென்றில்லாமல்.

"எலே மக்கா, வாங்கின ஆளு இனியும் வரும்," என்றாள் ஓமனா. "அப்ப கேட்டு வாங்கிக்கோ."

அகிலேஷ் கடலைப் பார்த்தான். திரும்பிப் பின்னால் பார்த்தான். முப்பது அடிக்கு அப்பால், இதுவரை இரண்டாவது வரிசையாக இருந்த, எந்தப் பட்டியலிலும் ஏறாத வீடுகள் துணி காயப்போட்டு, மீன்கூடைகளைக் கவிழ்த்து வைத்து நின்றன. சாட்சிக் கையெழுத்துக்காக விலாசினியைத் தேடினான். பக்கத்தில் காணவில்லை. நகல்களின் கட்டையும் காணவில்லை.

அவள் அந்த வரிசையின் முதல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். நகல்களின் வெற்றுப் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி! அது செல்லாது!" என்று அவன் கத்தினான். "திங்கட்கிழமை நீங்கள் அந்தக் கண்ணாடி அறையில் இல்லையென்றால் நான் எழுதணும்!"

"எழுதிக்கோ," என்றாள் அவள், திரும்பாமல். வாசலில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம் கேட்டாள்:

"வீட்டில எத்தன பேரு உண்டு? நடக்கேலாத ஆளு யாராவது உண்டா?"